ஏசிஎல் கிழிந்த பிறகு குருத்தெலும்புக்கு என்ன ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கபடியில் கால் திரும்பியதோ, வாலிபாலில் தாவி இறங்கியதோ, வண்டியிலிருந்து விழுந்ததோ, எப்படிக் கிழிந்திருந்தாலும் ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிடித்திருக்கும் ஒரு நார்) பற்றி வரும் கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஆபரேஷன் வேண்டுமா, எந்த கிராஃப்ட் (கிழிந்த நாருக்குப் பதில் வைக்கும் நார்) நல்லது, எத்தனை மாதத்தில் ஓடலாம். அதே முழங்காலுக்குள் இருக்கும் குருத்தெலும்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அந்தக் கால் எப்படி இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கப்போவது அதுதான். நான் மருத்துவர் இல்லை, திசுக்களின் இயந்திரவியலில் வேலை செய்பவன். குருத்தெலும்பை அழுத்தியும் இழுத்தும் அதன் பலத்தை அளப்பது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து தெரிந்ததைக் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன். உங்கள் காலுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் எலும்பு மருத்துவரும் பிசியோவும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஜவ்வு கிழிந்துவிட்டது என்கிறார்களே, அதுதான் குருத்தெலும்பா?

இல்லை. பேச்சில் மூன்று பொருளையும் ஜவ்வு என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் ரிப்போர்ட்டில் அவை தனித்தனியாக இருக்கும். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடிக்கும் நார்தான் லிகமென்ட், அதில் முன்புறமாகக் குறுக்கே போவது ஏசிஎல். இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு திண்டுகள் இருக்கின்றன, அவை மெனிஸ்கஸ். குருத்தெலும்பு என்பது எலும்பு முனைகளின் மேலேயே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு. முழங்காலில் அது பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன், முழங்கால் சில்லின் பின்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் கறிக்கடையில் ஆட்டுத்தொடை வாங்கும்போது மூட்டு பிரியும் இடத்தைப் பாருங்கள். எலும்பு முனையில் வழவழவென்று, லேசாக நீலம் ஓடிய வெள்ளையில், ஈரம் மினுங்கும் ஒரு படலம் இருக்கும். நகத்தை வைத்து அழுத்தினால் கொஞ்சம் பதியும், விட்டதும் மெதுவாக எழும்பும். கொஞ்ச நேரம் வெளியே காய விட்டால் மங்கிச் சுருங்கிவிடும், ஏனென்றால் அதில் முக்கால் பங்கு தண்ணீர்.

முக்கால் பங்கு தண்ணீர் என்றால் அது எப்படி உடம்பு எடையைத் தாங்குகிறது?

முதலில் எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்போம். பெர்லினில் உள்ள சாரிடே மருத்துவமனையில் செயற்கை முழங்கால் மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது உடல் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு, படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு விசை மூட்டில் விழுகிறது. 70 கிலோ ஆள் படி இறங்கினால் ஒவ்வோர் எட்டுக்கும் கிட்டத்தட்ட 240 கிலோ.

குருத்தெலும்புக்குள் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆன ஒரு வலை இருக்கிறது. அந்த வலைக்குள் அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள் அடைபட்டிருக்கின்றன. அக்ரிகன் முழுக்க எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் உப்பு அயனிகளையும் அவற்றோடு தண்ணீரையும் உள்ளே இழுத்து ஊதிக்கொள்ளப் பார்க்கும். வலை விடாது. ஜவ்வரிசியைத் துணியில் இறுக்கிக் கட்டித் தண்ணீரில் போட்டால் ஊற ஊற மூட்டை கல் மாதிரி விறைத்துக்கொள்ளுமே, அதே கதைதான். கட்டு இறுக்கமாக இருக்கும்வரைதான் அந்த விறைப்பு. கட்டு தளர்ந்தால் ஜவ்வரிசி இன்னும் தண்ணீர் குடிக்கும், மூட்டை பெரிதாகும், ஆனால் கொழகொழவென்று ஆகிவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரப்போகும் பாதி விஷயம் இதற்குள்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. உள்ளே உள்ள இடைவெளிகள் மிக மிக நுண்ணியவை, தண்ணீர் அவற்றின் வழியே சுலபமாக வெளியேற முடியாது. காலை ஊன்றும் அந்த ஒரு நொடிக்குள் தண்ணீருக்குத் தப்பிக்க நேரமில்லை, ஆகவே அது அழுத்தத்துக்கு உள்ளாகி, சுமையில் பெரும்பங்கை, நல்ல குருத்தெலும்பில் 90 சதவீதத்துக்கும் மேல், தானே ஏற்றுக்கொள்கிறது. திடப்பொருளான வலைக்கு வந்து சேர்வது மிச்சம் மட்டும்தான். திடம், திரவம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு இதை விளக்கும் கோட்பாட்டை வான் மோவும் சகாக்களும் 1980இல் வெளியிட்டார்கள், இன்றும் எங்கள் துறையில் எல்லாரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

இதை எப்படி அளக்கிறீர்கள்?

பென்சில் முனை அளவுக்கு ஒரு துண்டு எடுத்து உப்புக் கரைசலில் வைத்து, மேலே தண்ணீர் புகக்கூடிய நுண்துளைகள் உள்ள ஒரு தட்டையான முனையை இறக்கி, மாறாத ஒரு சுமையை ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். முனை முதலில் சட்டென்று கொஞ்சம் இறங்கும். அப்புறம் தண்ணீர் கசியக் கசிய மெதுவாக, இன்னும் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போதும் திரையில் கோடு சரிந்துகொண்டிருக்கும். மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள ஒரு துண்டு முழுசாக அடங்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம்.

எங்கே போய் நிற்கிறது என்பது வலையும் அக்ரிகனும் சேர்ந்து தரும் உறுதியைச் சொல்லும். எவ்வளவு வேகமாக அங்கே போகிறது என்பது தண்ணீர் எவ்வளவு சுலபமாகக் கசிகிறது என்பதைச் சொல்லும். நல்ல குருத்தெலும்பில் அந்த முதல் எண் ஒரு மெகாபாஸ்கலுக்குக் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கொஞ்சம் குறைவாக இருக்கும், அதாவது பொருள் என்று பார்த்தால் மிகவும் மெத்தென்றதுதான். அதே துண்டை நடக்கும் வேகத்தில் தட்டினால் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பாக நடந்துகொள்ளும். வித்தியாசம் முழுக்க உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரின் வேலை.

கிழிந்தது லிகமென்ட், அதற்குக் குருத்தெலும்பு ஏன் கெட வேண்டும்?

மூன்று வழியில் கெடுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று கலந்துதான் நடக்கும்.

முதலாவது, கிழிந்த அந்தக் கணத்திலேயே விழும் அடி. விளையாட்டில் நடந்த காயங்களை வீடியோவில் ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்டு சுமார் 40 மில்லிசெகண்டுக்குள் ஏசிஎல் அறுந்துவிடுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கித் திரும்பி, அதன் வெளிப்பக்கப் பின்முனை தொடை எலும்பின் வெளிப்பக்கத்தில் போய் இடிக்கிறது. எம்ஆர்ஐயில் எலும்புக் கன்றல் என்று எழுதியிருந்தால் அது இந்த இடியின் அடையாளம், ஏசிஎல் கிழிந்தவர்களில் பெரும்பாலோருக்கு இது இருக்கும். எலும்பே கன்றும் அளவுக்கு வந்த விசை, நடுவில் இருக்கும் குருத்தெலும்பைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும். இவ்வளவு வேகமான அடியில் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன, அந்த இடத்து செல்கள் சிலவும் செத்துப்போகின்றன. மொத்தக் கொள்ளளவில் சில சதவீதம் மட்டுமே செல் உள்ள திசு இது, இருக்கிற கொஞ்சம் பேரில் சிலர் போனாலும் அங்கே பராமரிப்பு வேலை நின்றுவிடும்.

இரண்டாவது, மூட்டுக்குள் இரத்தமும் அழற்சியும். கிழிந்த சில மணி நேரத்தில் முழங்கால் பந்து மாதிரி வீங்குவது இரத்தக் கசிவால். அதோடு இன்டர்லூக்கின், டிஎன்எஃப் போன்ற அழற்சிச் செய்திகள் மூட்டுத் திரவத்தில் ஏறுகின்றன. அவற்றின் தூண்டுதலில் அக்ரிகனை வெட்டும் நொதிகளும் கொலாஜனை வெட்டும் நொதிகளும் வேலையைத் தொடங்குகின்றன. காயம்பட்டவர்களின் மூட்டுத் திரவத்தில் உடைந்த அக்ரிகன் துண்டுகள் வீக்கம் வடிந்த பிறகும், சிலரிடம் வருஷக்கணக்கிலும், அதிகமாகவே இருப்பதை சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து காட்டியிருக்கிறார்கள். மேற்பரப்பை வழுக்க வைக்கும் லூப்ரிசின் என்ற புரதமும் காயத்துக்குப் பின் கொஞ்ச காலம் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது, சுமை இடம் மாறுவது. என்னைப் பொறுத்தவரை அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். சின்ன வயதிலிருந்து எந்த இடத்தில் எவ்வளவு சுமை விழுகிறதோ அதற்குத் தக்கபடி குருத்தெலும்பு வளர்ந்திருக்கிறது: அதிகம் மிதிபடும் இடத்தில் தடிமனாக, மற்ற இடத்தில் மெல்லிசாக. ஏசிஎல் போனதும் எலும்பு சில மில்லிமீட்டர் தள்ளியும் கொஞ்சம் திரும்பியும் உட்கார்கிறது. அதுவரை லேசான சுமையே பார்த்துப் பழகிய இடம் திடீரென்று ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான மிதியை வாங்குகிறது. பழகிய இடம் சும்மா கிடக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியாக்கி பல வருஷமாக இதைத்தான் வலியுறுத்தி வந்தார்.

சரி, இயந்திர ரீதியாக என்னதான் மாறுகிறது?

மனிதர் முழங்காலிலிருந்து வாரா வாரம் துண்டு எடுத்து அளக்க முடியாது. அதனால் இந்த அறிவின் பெரும்பகுதி விலங்கு ஆய்வுகளிலிருந்து வந்தது. நாயின் ஏசிஎல்லை வெட்டிவிட்டு மூட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் முறையை 1973இல் பாண்டும் நுக்கியும் பதிவு செய்தார்கள். 1994இல் செட்டன், மோ குழுவினர் அதே முறையில் 6 வாரத்திலும் 12 வாரத்திலும் குருத்தெலும்பை எடுத்து இழுத்தும் அழுத்தியும் அளந்தார்கள். இழுவை உறுதி குறைந்திருந்தது, அழுத்த உறுதி குறைந்திருந்தது, நீர் அளவு கூடியிருந்தது, தண்ணீர் கசியும் திறன் கூடியிருந்தது. வெறும் மூன்று மாதத்துக்குள் இவ்வளவும்.

நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் புரியும். இழுவையைத் தாங்குவது கொலாஜன் வலை, குறிப்பாக மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும் மேலடுக்கு இழைகள். இழுவை உறுதி விழுந்தது என்றால் கட்டு தளர்ந்துவிட்டது. கட்டு தளர்ந்ததால் உள்ளே அக்ரிகன் இன்னும் தண்ணீர் இழுத்து ஊதுகிறது. ஊதியதால் இடைவெளிகள் அகலமாகின்றன, போதாததற்கு நொதிகள் அக்ரிகனையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றுகின்றன, ஆகவே தண்ணீர் சுலபமாகக் கசிகிறது. தண்ணீர் தப்பித்துப் போகும்போது அது தாங்கிய பங்கு வலையின் தலையில் விழுகிறது, ஏற்கெனவே தளர்ந்த வலை இன்னும் அதிகமாக நீண்டு அறுகிறது, அங்கிருந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தச் சுழல் ஆரம்பிக்கும்போது குருத்தெலும்பு ஒரு மயிரிழை கூட மெலிந்திருக்காது. பார்வைக்குப் பளபளவென்றே இருக்கும். தேய்மானம் என்று நாம் சொல்வது பொருள் தேய்ந்து போவதை. அதற்கு வெகு முன்பே பொருளின் குணம் மாறிவிடுகிறது. ஏசிஎல் கிழிந்த ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

நாய்க்கு நடந்தது மனிதருக்கும் நடக்குமா?

அப்படியே அல்ல. நாயின் நடை வேறு, முழங்காலின் சாய்வு வேறு. ஆனால் அந்த ஆய்வில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. லிகமென்ட் கத்தியால் வெட்டப்பட்டது, எலும்போடு எலும்பு இடிக்கவே இல்லை. இடி இல்லாமலேயே குருத்தெலும்பு இவ்வளவு மாறியது என்றால், மூட்டு பிடிப்பில்லாமல் ஆடுவதும் அழற்சியும் மட்டுமே அதற்குப் போதும். மனிதருக்கு இடியும் சேர்ந்துகொள்கிறது.

எனக்கு எம்ஆர்ஐயில் குருத்தெலும்பு நார்மல் என்று போட்டிருக்கிறதே?

வழக்கமான எம்ஆர்ஐ வடிவத்தைக் காட்டும்: பள்ளம் இருக்கிறதா, பிய்ந்திருக்கிறதா, மெலிந்திருக்கிறதா. உறுதி குறைந்திருக்கிறதா என்பது அதில் தெரியாது. நுணுக்கமான ஸ்கேன் முறைகள் இருக்கின்றன. டி2 என்ற முறை கொலாஜன் ஒழுங்கையும் நீரையும் ஒட்டி மாறுகிறது, டி1ரோ என்ற முறை அக்ரிகன் இழப்பை ஒட்டி மாறுகிறது. இவற்றை வைத்து ஏசிஎல் கிழிந்தவர்களைப் பார்த்தபோது, தடிமன் குறையாத இடத்திலும், முக்கியமாகக் கன்றிய அந்த வெளிப்பக்கப் பின்பகுதியில், மாற்றம் தெரிந்தது, அது ஆபரேஷனுக்கு ஒரு வருஷம் கழித்தும் இருந்தது. நியூயார்க்கில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், ஏசிஎல் மட்டும் கிழிந்தவர்களை உயர்தர எம்ஆர்ஐயில் பார்த்தபோது எல்லா முழங்காலிலும் காயத்தன்றே குருத்தெலும்புப் பாதிப்பு இருந்தது.

ஆர்த்ராஸ்கோபி (சின்னத் துளை வழியே மூட்டுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்யும்போது மருத்துவர் ஒரு சின்னக் கொக்கியின் முனையால் குருத்தெலும்பை அழுத்திப் பார்ப்பார். நல்ல இடத்தில் முனை துள்ளி வரும், மெத்தென்று ஆன இடத்தில் பள்ளம் விழுந்து கொஞ்ச நேரம் நிற்கும். அனுபவமுள்ள கைக்கு வித்தியாசம் தெரியும், ஆனால் அது கையின் கணிப்புதான், எண் கிடையாது. அந்தக் கணிப்பை எண்ணாக்க ஆர்த்ராஸ்கோபிக் கருவியோடு சேர்த்தே உறுதியை அளக்கும் சாதனங்களைப் பின்லாந்தில் குவோப்பியோ நகரத்துக் குழுவினர் 1990களில் உருவாக்கினார்கள், அவை இன்னமும் எல்லா ஆபரேஷன் தியேட்டருக்கும் வந்து சேரவில்லை.

ஆகவே நார்மல் என்ற வார்த்தையை ஓட்டை இல்லை என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பயப்படவும் வேண்டாம், எல்லாம் பழையபடி என்று நினைத்து அடுத்த மாதமே களத்தில் இறங்கவும் வேண்டாம்.

ஸ்கேனில் குருத்தெலும்பு தடித்திருக்கிறதாம். நல்லதுதானே?

இந்தக் கேள்வி ஆய்வாளர்களையே குழப்பியிருக்கிறது. ஏசிஎல் வெட்டிய நாய்களில் முதல் சில மாதங்களில் குருத்தெலும்பு மெலிவதற்குப் பதில் தடித்தது, செல்கள் அக்ரிகனை அவசர அவசரமாக அதிகம் தயாரித்தன. சரியாகிவிடும் போல என்று சிலர் நினைத்தார்கள். பிராண்ட்டின் குழு விடாமல் காத்திருந்து 54 மாதம் கழித்துப் பார்த்தபோது அதே மூட்டுகளில் குருத்தெலும்பு எலும்பு தெரியும் அளவுக்குப் போயிருந்தது. மனிதரிலும் ஏசிஎல் கிழிந்து இரண்டு வருஷத்துக்குள் தொடை எலும்பின் உள்பக்க நடுப்பகுதி தடிப்பதும், சில்லு வழுக்கும் முன்பள்ளம் மெலிவதும் சுவீடனில் அளக்கப்பட்டிருக்கிறது. தடிப்பில் ஒரு பகுதி வெறும் தண்ணீர். மேலே சொன்ன ஜவ்வரிசி மூட்டைதான், பெரிதாகியிருக்கிறது, உறுதியாகவில்லை.

சின்ன வயசுதானே, தானாக ஆறாதா?

அக்ரிகனை ஓரளவு புதுப்பிக்க முடியும். செல்கள் உயிரோடு இருந்து, அழற்சியும் அடங்கினால் சில மாதங்களில் கொஞ்சம் மீளும். கொலாஜன் வலைதான் சிக்கல். மனிதக் குருத்தெலும்பின் கொலாஜனில் பாதி மாறுவதற்கு 100 வருஷத்துக்கும் மேல் ஆகும் என்று 2000ஆம் ஆண்டில் ஒரு டச்சுக் குழு கணக்கிட்டது, தோலுக்கு அதே கணக்கு 15 வருஷம். 2016இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இதை அழகாக உறுதி செய்தார்கள். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரென்று ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. ஒருவர் முழங்கால் கொலாஜனில் எவ்வளவு கார்பன்-14 இருக்கிறது என்று பார்த்தால் அது எந்த வருஷம் கட்டப்பட்டது என்று சொல்லிவிடலாம். எல்லாம் வளரும் பருவத்தில் கட்டியதுதான், பெரியவர்களான பிறகு புதிதாகக் கட்டியதாகவே தெரியவில்லை.

அதோடு குருத்தெலும்பில் இரத்தக் குழாயும் இல்லை, ஆற்றுவதற்கான செல்கள் வந்து சேர வழியில்லை. அழிந்த குருத்தெலும்பு மீண்டு வருவதில்லை என்று வில்லியம் ஹன்டர் 1743இலேயே எழுதிவைத்தார். அடியில் உள்ள எலும்பில் துளையிட்டு இரத்தம் வரவழைக்கும் மைக்ரோஃப்ராக்சர் சிகிச்சையில் பள்ளம் நிரம்பும், ஆனால் நிரம்புவது பெரும்பாலும் நார்க்குருத்து, அசல் திசுவின் உறுதி அதற்குக் கிடையாது.

ஏசிஎல் ஆபரேஷன் செய்துவிட்டால் இதெல்லாம் நின்றுவிடுமா?

நிற்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். 2007இல் லோமாண்டர் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏசிஎல் அல்லது மெனிஸ்கஸ் கிழிந்தவர்களில் சராசரியாகப் பாதிப் பேருக்கு 10 முதல் 20 வருஷத்தில் வலியோடும் சிரமத்தோடும் கூடிய மூட்டுத்தேய்மானம் இருந்தது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அது குறைவு என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இருபது வயதில் அடிபட்டவருக்கு முப்பத்தைந்து வயதில் அறுபது வயதுக்காரரின் முழங்கால் என்பது சின்ன விஷயம் இல்லை.

சுவீடனில் நடந்த கேனான் ஆய்வு 2010இல் வெளியானது. துடிப்பான இளம் வயதினர் 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷனும் பயிற்சியும், மறு பாதிக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருஷத்திலும் ஐந்து வருஷத்திலும் இரு குழுவின் முழங்காலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவது குழுவில் ஐந்து வருஷத்துக்குள் பாதிப் பேர் எப்படியும் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

காரணம் யோசித்தால் புரியும். கிராஃப்ட் முன்னால் வழுக்குவதை நன்றாகத் தடுக்கிறது, ஆனால் ஓடும்போது எலும்பு திரும்பும் விதம் முழுசாகப் பழையபடி ஆவதில்லை. முதல் நாள் விழுந்த இடியை எந்த ஆபரேஷனும் திருப்பி எடுக்க முடியாது. ஆபரேஷனே மூட்டுக்குள் இன்னொரு முறை இரத்தமும் அழற்சியும் தருகிறது.

இதனால் ஆபரேஷன் வீண் என்று நான் சொல்லவில்லை. கால் நழுவி நழுவி விடுகிறது என்றால் ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைக் கிழிக்கக்கூடியது. மெனிஸ்கஸ் போனால் குருத்தெலும்பில் விழும் உச்ச அழுத்தம் இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும். மெனிஸ்கஸைக் காப்பாற்றுவதற்காகச் செய்யும் ஏசிஎல் ஆபரேஷன் நல்ல முடிவு. முடிந்தவரை மெனிஸ்கஸைத் தைக்க முடியுமா, வெட்டித்தான் ஆக வேண்டுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.

அப்படியென்றால் நன்றாக ரெஸ்ட் எடுத்துவிடலாமா?

கூடாது. குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து ஊடுருவித்தான் வருகிறது, அழுத்தி விடுவது அதற்கு உதவுகிறது. அசையாமல் கட்டிப்போட்ட விலங்குகளின் முழங்காலில் குருத்தெலும்பு மெத்தென்று ஆனது, தண்டுவடம் அடிபட்டு நடக்க முடியாமல் போனவர்களுக்கு மெலிந்தே போனது. ஏசிஎல் ஆபரேஷன் செய்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு (2016) இன்னும் குறிப்பாகச் சொல்கிறது: ஐந்து வருஷத்தில் தேய்மானம் வந்தவர்கள், ஆரம்ப மாதங்களில் அடிபட்ட காலின் உள்பக்கத்தில் குறைவாகவே சுமை கொடுத்து நடந்தவர்கள். தாங்கித் தாங்கி நடப்பது காலைப் பாதுகாப்பது போலத் தோன்றும், குருத்தெலும்புக்கு அது பாதுகாப்பு இல்லை. நொண்டாமல் நடக்கக் கற்றுக்கொள்வதை பிசியோ திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வலியே இல்லை, அப்போது குருத்தெலும்பு நன்றாகத்தானே இருக்கும்?

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது கெடும்போது அதற்கு வலிக்காது. வலி வருவது எலும்பிலிருந்தும் மூட்டுறையிலிருந்தும், அதுவும் தாமதமாக.

ஆட்டுக்கால் சூப், பிரண்டை, கொலாஜன் பவுடர், குளுக்கோசமைன்?

சூப் குடியுங்கள், நல்ல சாப்பாடு. அதில் உள்ள கொலாஜன் வயிற்றில் செரித்துத் துண்டாகிவிடும், முழங்காலில் போய் வலையாகப் பின்னிக்கொள்ளாது. பிரண்டைத் துவையலுக்கும் அதே பதில். குளுக்கோசமைனையும் காண்ட்ராய்டினையும் 1,583 பேரிடம் சோதித்த அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மருந்தில்லாத வெறும் மாத்திரையை விட வலி அதிகம் குறையவில்லை. மாதா மாதம் அதற்குச் செலவழிக்கும் பணத்தை பிசியோவுக்குக் கொடுங்கள்.

முழங்காலுக்குள் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆய்வில் (2017, ஏற்கெனவே தேய்மானம் உள்ளவர்களிடம்) உப்புநீர் ஊசியை விடக் குருத்தெலும்பு அதிகம் குறைந்தது, வலியில் வித்தியாசமில்லை. பிஆர்பி ஊசியை (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த தட்டணுக்களைப் போடுவது) 288 பேரிடம் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வில் (2021) ஒரு வருஷம் கழித்து வலியிலும் குருத்தெலும்பு அளவிலும் உப்புநீருக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. விலையையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எதைத்தான் செய்வது?

தொடையின் முன்தசை, அதுதான் முதல். காலை ஊன்றும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அந்தத் தசை. ஏசிஎல் கிழிந்ததும் அது வெகு சீக்கிரம் இளைத்துவிடும், பலருக்கு வருஷங்கள் ஆனாலும் மறுகாலின் பலத்துக்கு வருவதில்லை. அளந்து பாருங்கள், கண்ணால் பார்த்துச் சரியாகிவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள்.

அடுத்தது எடை. அதிக எடையும் முழங்கால் தேய்மானமும் உள்ள முதியவர்களிடம் 2005இல் அளந்தபோது ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைந்தது. ஒரு நாளைக்கு எத்தனை எட்டு வைக்கிறோம் என்று பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது அவசரப்படாமல் இருப்பது. நார்வே, அமெரிக்க அணிகள் சேர்ந்து செய்த ஆய்வில், ஆபரேஷனுக்குப் பிறகு விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுவது பாதியாகக் குறைந்தது. மறுபடி அடிபட்டால் மேலே சொன்ன எல்லாம் இன்னொரு முறை, இந்தத் தடவை ஏற்கெனவே தளர்ந்த திசுவின் மேல். உள்ளூர் டோர்னமென்ட்டுக்காக ஆறாவது மாதம் இறங்க நினைக்கும் தம்பிகளிடம் இதை மட்டுமாவது எப்படியாவது புரிய வைக்க முடிந்தால் நல்லது.

சம்மணம் போடலாமா, குந்தலாமா?

நிரந்தரத் தடை என்று எதுவும் இல்லை. நன்றாக மடக்கும்போது தொடை எலும்பின் பின்பகுதிதான் தொடுகிறது, சில்லின் பின்னால் அழுத்தமும் கூடுகிறது. மெனிஸ்கஸ் தைத்திருந்தால் சில மாதம் ஆழமாக மடக்க விடமாட்டார்கள், அதை அப்படியே கேளுங்கள். அந்தக் காலம் முடிந்து தசையும் தேறிய பிறகு மெதுவாகத் தொடங்கலாம். கை ஊன்றி எழுவது நல்லது.

இன்று செய்தது அதிகமா குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வலியை விட வீக்கம் நம்பகமான அளவு. காலையில் எழுந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையைத் தளர்த்திக்கொள்ளுங்கள். சில்லின் உள்பக்கம் ஒரு சின்னக் குழி இருக்கும். அந்தக் குழியிலிருந்து தொடையை நோக்கி உள்ளங்கையால் மேலே இரண்டு மூன்று முறை வழித்துவிடுங்கள். அப்புறம் சில்லின் வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்துக்கொண்டே உள்பக்கக் குழியைப் பாருங்கள். ஒரு சின்ன அலை போல அங்கே புடைத்தால் உள்ளே திரவம் இருக்கிறது. ஒன்றும் புடைக்கவில்லை என்றால் நேற்றைய பயிற்சியை முழங்கால் ஏற்றுக்கொண்டது, கொஞ்சம் கூட்டலாம். நேற்றை விட அதிகமாகப் புடைத்தால் இன்று சுமையைக் குறையுங்கள், இரண்டு மூன்று நாளாகியும் வடியவில்லை என்றாலோ கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை என்றாலோ மருத்துவரிடம் போங்கள்.